கூண்டுக்குள் ஒரு வேலையில்லாத் திண்டாட்டம்

சில ஆண்டுகளுக்கு முன் தென்னிந்தியாவின் ஓர் உயிரியல் பூங்காவில் ஒரு சிறுத்தையின் முன்னால் அரை மணி நேரம் நின்றிருந்தேன். எந்த ஊர் என்பது இங்கே முக்கியமில்லை. கம்பி வலையை ஒட்டி ஒரு தடம் கிடந்தது. புல் செத்து, மண் இறுகி, சாணி மெழுகிய தரைபோல வழுவழுவென்றிருந்தது. சிறுத்தை அந்தத் தடத்தில் எட்டு அடி வைக்கும். மூலைக்கு வந்ததும் தலையை மேலே தூக்கி இடப்பக்கமாக ஒரு சுழற்று சுழற்றித் திரும்பும். மறுபடி எட்டு அடி. ஒரு முறைகூட ஒன்பதாவது அடி இல்லை. ஒரு முறைகூடத் தலை வலப்பக்கம் போகவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் மகனிடம், “பாருடா, வாக்கிங் போகுது. நம்ம தாத்தா மாதிரி சுகர் இருக்கும்போல” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

அது நடைப்பயிற்சி இல்லை என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. மாறாமல், ஓயாமல், எந்தப் பயனும் தெரியாமல் திரும்பத் திரும்பச் செய்யப்படும் அசைவை விலங்கு நடத்தையியலார் ஒரு நோய்க்குறியாகவே பார்க்கிறார்கள். சிறுத்தையும் புலியும் நடக்கும். யானை நின்ற இடத்தில் ஆடும். கரடி தலையை இடமும் வலமுமாக வீசும். ஒட்டகச்சிவிங்கி சுவரை நக்கும். கிளி தன் இறகைத் தானே பிடுங்கும். குரங்கு தன் கையைத் தானே கடிக்கும். கோயில் வாசலில் கட்டிய யானை ஆடுவதைப் பார்த்து ‘எவ்வளவு சந்தோஷமாக ஆடுது’ என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். சந்தோஷத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காரணம் பட்டினியோ நோயோ அல்ல. நல்ல இறைச்சி கிடைக்கிறது, மருத்துவர் இருக்கிறார், தடுப்பூசி போடுகிறார்கள். இல்லாதது வேலை. காட்டில் ஒரு யானை நாளுக்குப் பதினாறு மணி நேரம்வரை தீனி தேடித் தின்பதிலேயே கழிக்கும். நம்மூர்க் கரடி விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைக் கரையான் புற்றைத் தோண்டுவதிலும், ஊதி மண்ணை விலக்கிக் கரையானை உறிஞ்சுவதிலும், தேனடைக்காக மரமேறுவதிலும் செலவிடும். அந்த நகம், அந்த நீண்ட உதடு, முன்பல் இல்லாத அந்த வாய் இடைவெளி எல்லாமே அந்த ஒரு தொழிலுக்காக அமைந்த கருவிகள். அதைக் கூண்டில் வைத்துக் கஞ்சியும் பழமும் தட்டில் போட்டால் பத்து நிமிடத்தில் சாப்பாடு முடிந்துவிடுகிறது. மீதி நாளெல்லாம் கருவிகள் சும்மா இருக்கின்றன. வேலையில்லாத் திண்டாட்டம் என்ற சொல்லை மனிதர்களுக்கு மட்டுமே ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

இந்த வேலையை ஏதோ ஒரு வடிவில் திருப்பிக் கொடுக்கும் முயற்சிக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரைத் தமிழில் ‘சூழல் செறிவூட்டல்’ என்று எழுதுகிறார்கள். சொல் தவறில்லை. ஆனால் செறிவூட்டல் என்றதும் நமக்கு ரேஷன் கடை அரிசியோ யுரேனியமோதான் நினைவுக்கு வருகிறது. எதையோ வெளியிலிருந்து கலந்துவிட்டால் முடிந்தது என்கிற எண்ணத்தையும் அது தருகிறது. பல பூங்காக்களில் நடப்பதும் அதுதான். டயரைத் தொங்கவிட்டார்கள், பந்தைப் போட்டார்கள், படம் எடுத்தார்கள், முடிந்தது. நான் இந்தக் கட்டுரையில் ‘வேலை கொடுப்பது’ என்றே பெரும்பாலும் சொல்லப்போகிறேன். விலங்கு தானாகத் தேர்ந்தெடுத்து, தன் உடலையும் மூளையையும் பயன்படுத்தி, ஏதாவது ஒன்றை அடைய வாய்ப்புத் தருவது என்பதே அதன் பொருள்.

இந்த எண்ணம் புதிதல்ல. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் யெர்க்ஸ் 1925-லேயே, அடைபட்ட குரங்குகளுக்கு விளையாடவும் வேலை செய்யவும் கருவிகள் செய்து தர வேண்டும் என்று எழுதினார். அவருக்கு முன்பே, 1907-ல், ஹாம்பர்க் அருகே ஸ்டெல்லிங்கனில் விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக் கம்பிகளை எடுத்துவிட்டு அகழி வெட்டினார். பார்வையாளருக்கும் சிங்கத்துக்கும் நடுவே பள்ளம். கண்ணுக்குத் தடை தெரியாது. இன்றைய வண்டலூர் பூங்கா உட்பட உலகெங்கும் அந்த அகழிமுறையின் பேரப்பிள்ளைகள்தான் இருக்கின்றன. (அவருடைய மாற்றாந்தாய் வழிச் சகோதரர் ஜான் ஹாகன்பெக் கொழும்பை அடுத்த தெஹிவளையில் நடத்திய விலங்குக் கூடத்தைத்தான் 1936-ல் இலங்கை அரசு எடுத்துக்கொண்டு தேசிய மிருகக்காட்சிசாலை ஆக்கியது.) ஆனால் ஹாகன்பெக்கின் அகழி பார்க்கிறவர் கண்ணுக்கு இதம். உள்ளே இருப்பதற்கு அதனால் என்ன லாபம் என்று அன்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

கேட்டவர் ஹைனி ஹெடிகர். சுவிட்சர்லாந்துக்காரர், பெர்ன், பாசல், சூரிச் என மூன்று மிருகக்காட்சிசாலைகளுக்கு அடுத்தடுத்து இயக்குநராக இருந்தவர். 1942-ல் ஜெர்மன் மொழியில் அவர் எழுதிய நூல்தான் மிருகக்காட்சிசாலை உயிரியல் என்ற துறைக்கே அடித்தளம். காட்டு விலங்கு சுதந்திரமாகத் திரிகிறது என்பது நம் கற்பனை என்றார் அவர். பசி, பகை, எல்லை, ஏறக்குறைய அட்டவணை போட்டதுபோன்ற பாதைகள் என்று அதற்கும் ஆயிரம் கட்டுகள். அதனால் இடத்தின் பரப்பளவைவிட அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம் என்பது அவர் வாதம். ஒளியும் இடம், உயரமான இடம், தேய்த்துக்கொள்ள மரம், மனிதன் இவ்வளவு தூரத்தில் நின்றால் ஓட வேண்டியதில்லை என்கிற இடைவெளி. இதில் பாதி உண்மை, பாதி ஆபத்து. பின்னாட்களில் சின்னக் கூண்டு வைத்திருந்தவர்களெல்லாம் ஹெடிகரை மேற்கோள் காட்டித் தப்பித்துக்கொண்டார்கள்.

1970-களில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஹால் மார்கோவிட்ஸ் செய்தது இதன் அடுத்த கட்டம். மின் விளக்கும் நெம்புகோலும் உணவுப் பெட்டியும் வைத்துக் கிப்பன் குரங்குகளுக்கு ஒரு விளையாட்டு அமைத்தார். விளக்கு எரிந்தால் ஒரு மூலையில் நெம்புகோலை இழுத்து, ஊஞ்சலாடிப் போய் மறுமூலையில் இன்னொன்றை இழுத்தால் தீனி விழும். சும்மா உட்கார்ந்திருந்த குரங்குகள் நாள் முழுக்கக் கூண்டின் உயரத்தில் பறந்தன. ஒரு மாண்ட்ரில் குரங்கைப் பார்வையாளரோடு போட்டி போடவும் வைத்தார்: யார் முதலில் பொத்தானை அழுத்துகிறார் என்று. குரங்கே அடிக்கடி ஜெயித்தது.

இதை எதிர்த்தவர்களும் உண்டு. குரங்கு பொத்தான் அழுத்துவதைப் பார்க்கிற குழந்தை குரங்கைப் பற்றி என்ன கற்றுக்கொள்ளும், இது சர்க்கஸின் மறுபிறப்பு இல்லையா என்று 1984-ல் மைக்கேல் ஹட்சின்ஸ், டேவிட் ஹேன்காக்ஸ், கேரொலின் க்ரோக்கெட் மூவரும் எழுதினார்கள். ஹேன்காக்ஸ் இயக்குநராக இருந்த சியாட்டிலின் உட்லண்ட் பார்க்கில்தான் 1970-களின் கடைசியில் கொரில்லாக்களை நிஜ மரஞ்செடிகளுக்குள் விட்டார்கள். மரத்தை ஒடித்துவிடும், ஏறி விழுந்துவிடும் என்ற அச்சங்களையெல்லாம் மீறி. காடு மாதிரி இருப்பதா, காட்டில் செய்கிற மாதிரிச் செய்ய வைப்பதா என்கிற இந்தச் சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் முக்கியம். சிமென்டில் செய்து பச்சை பெயின்ட் அடித்த மரம் நமக்குக் காடாகத் தெரியலாம். கரடிக்கு அது சுவர்.

சிம்பன்சிகளுக்காகப் பல பூங்காக்கள் கட்டிய செயற்கைக் கரையான் புற்று இந்தச் சண்டைக்கு நல்ல சமாதானம். 1960-ல் கோம்பேயில் ஜேன் குடால் பார்த்தது நினைவிருக்கும்: சிம்பன்சி புல் ஈர்க்கைப் புற்றின் துளைக்குள் விட்டுக் கரையானைத் தூண்டில்போல இழுத்துத் தின்றது. பூங்காவில் புற்று சிமென்ட்தான், உள்ளே இருப்பது தேனோ பழக்கூழோதான். ஆனால் குச்சியைத் தேடுவது, இலையை உருவுவது, நுனியைக் கடித்துச் சரிசெய்வது எல்லாம் அசல். பொருள் போலி, வேலை நிஜம்.

வேலை செய்யாமலே சோறு கிடைக்கும்போது விலங்கு எதற்காக மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். க்ளென் ஜென்சன் 1963-ல் எலிகளிடம் இதைச் சோதித்தார். கிண்ணத்தில் தீனி தாராளமாக இருக்க, பக்கத்தில் கம்பியை அழுத்தினால் அதே தீனி. எலிகள் கம்பியையும் அழுத்தித் தின்றன. பிறகு புறா, குரங்கு, கரடி என்று பலவற்றிலும் இது பார்க்கப்பட்டது. விதிவிலக்கு வீட்டுப் பூனை. கலிஃபோர்னியாவில் செய்த சோதனையில் பூனைகள் பெரும்பாலும் தட்டில் இருந்ததையே தின்றன. பூனை வளர்ப்பவர்கள் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

தீனியை ஒளித்து வைப்பதுதான் எல்லா இடத்திலும் முதல் படி. அதிலும் நுணுக்கம் உண்டு. ஒரே வேளையில் போட்டதைப் பல வேளைகளாகப் பிரித்துப் புதருக்குள் ஒளித்தபோது சிறுத்தைப் பூனைகள் நடையைக் குறைத்துத் தேடத் தொடங்கின. மீன்பிடிப் பூனைக்குத் தொட்டியில் உயிர்மீன் விட்டபோது, மீன் தீர்ந்து பல நாள் கழித்தும் அது தண்ணீரோரம் காத்திருந்தது. டேவிட் ஷெப்பர்ட்சனும் அவருடைய குழுவும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு இது. ‘இன்றைக்கும் இருக்கலாம்’ என்கிற அந்த நிச்சயமின்மையே ஒரு தீனி. நம்மூர்ப் பூங்காக்களில் மாமிச உண்ணிகளுக்கு மாலையில் ஒரே வேளை, உள்கூண்டுக்குள் வைத்து, வாரத்தில் ஒரு நாள் பட்டினி என்பது பழைய வழக்கம். உடலுக்கு அது சரி. ஆனால் மூன்று மணி ஆனாலே உள்கூண்டுக் கதவோரம் நடை தொடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கடிகாரம் பார்த்துப் போடும் தீனி கடிகாரத்துக்காகக் காத்திருக்கவும் கற்றுத்தருகிறது.

வாசனையின் கதை இன்னும் சுவையானது. மூக்கால் வாழும் பிராணிக்குக் கூண்டில் கிடைப்பது ஃபினைல் நாற்றம். பெல்ஃபாஸ்ட் பூங்காவின் கரும்பாதப் பூனைகளிடம் ஜாதிக்காய், பூனைப்புதினா, இரையின் மணம் மூன்றையும் துணியில் நனைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள் டெபோரா வெல்ஸும் உடன் ஆய்ந்தவரும். 2004-ல் வெளியான முடிவு: மூன்றுக்குமே பூனைகள் எழுந்து திரிந்தன, முகர்ந்தன. ஜாதிக்காய் நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்துச் சரக்கு. பட்டை, சோம்பு, மஞ்சள் என்று ஒரு மளிகைக் கடையே நம் பூங்காக்களுக்குக் காத்திருக்கிறது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பூங்காவில் விலைமிக்க வாசனைத் திரவியங்களையே வரிசையாகச் சோதித்தார்கள். சிவிங்கிப்புலிகள் நெடுநேரம் விடாமல் முகர்ந்தது கால்வின் க்ளைன் நிறுவனத்தின் ‘அப்செஷன் ஃபார் மென்’. புனுகை ஒத்த செயற்கைச் சரக்கு அதில் இருப்பதே காரணம் என்கிறார்கள். பூங்காவில் விளையாட்டாகத் தொடங்கியது காட்டுக்கும் போனது: 2018-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் பகுதியில் ஆட்கொல்லி எனக் கருதப்பட்ட அவனி என்ற பெண்புலியை வரவழைக்க வனத்துறை அதே சென்ட்டைக் காட்டில் தெளித்தது. அந்தக் கதை துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது.

பாலூட்டிகளுக்கு மட்டுமே சலிப்பு உண்டு என்று நெடுநாள் நம்பினோம். வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவில் பல பத்தாண்டுகள் தனியாக இருந்த ஒரு நைல் மென்னோட்டு ஆமைக்குப் ‘பன்றி மூஞ்சி’ என்று பெயர். அது தன் கழுத்தையும் முன்கால்களையும் தானே பிறாண்டிப் புண்ணாக்கிக்கொண்டிருந்தது. பந்து, வளையம், குச்சி, தண்ணீர்க் குழாய் என்று போட்டுப் பார்த்தார்கள். ஆமை பந்தை மூக்கால் தள்ளியது, வளையத்துக்குள் நுழைந்து வந்தது, குழாயைக் கவ்வி இழுத்தது. பிறாண்டுவது வெகுவாகக் குறைந்தது. கார்டன் பர்க்ஹார்ட் 1996-ல் இதை எழுதியபோது, ஆமை விளையாடுமா என்று பலர் நம்ப மறுத்தார்கள். நமக்கு இது அவ்வளவு தூரமில்லை. மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில், ராமுலஸ் விட்டேக்கரும் சாய் விட்டேக்கரும் 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணையில், கொக்குகள் கூடு கட்டும் காலத்தில் முதலைகள் மூக்கின் மேல் சுள்ளிகளைத் தாங்கியபடி அசையாமல் மிதப்பதை விளாதிமிர் டினெட்ஸ் கவனித்து எழுதினார். கூடு கட்டச் சுள்ளி எடுக்க வரும் பறவை இரை. அது உண்மையிலேயே கருவிப் பயன்பாடுதானா என்பதில் எல்லாருக்கும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் மரக்கட்டைபோலக் கிடக்கிறதே என்று நாம் கல்லெறியும் பிராணி அது என்பதை மறக்க வேண்டாம்.

சரி, இத்தனையும் செய்தால் அந்தச் சிறுத்தை தடத்தை விட்டு இறங்கிவிடுமா?

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் கஸ் என்ற துருவக்கரடி இருந்தது. 1994-ல் அது மணிக்கணக்காகத் தொட்டியில் எட்டு வடிவத்தில் நீந்திக்கொண்டே இருந்தது. பத்திரிகைகள் எழுதின, நகரம் கவலைப்பட்டது. பூங்கா 25,000 டாலர் செலவில் ஒரு விலங்கு நடத்தை வல்லுநரை அழைத்தது. அவர் சொன்னது சுருக்கம்: சலிப்பு. ஐஸ் கட்டிக்குள் மீனை உறைய வைத்தார்கள், தீனியைப் புதிர்களுக்குள் மறைத்தார்கள், விளையாட்டுச் சாமான்கள் போட்டார்கள். நீச்சல் குறைந்தது. முழுதாக நிற்கவில்லை. 2013-ல் 27 வயதில் கஸ் இறந்தது.

கஸ்ஸுக்கு ஏன் முழுதாகக் குணமாகவில்லை என்பதற்கான விடை 2003-ல் ‘நேச்சர்’ இதழில் ராஸ் க்ளப்பும் ஜார்ஜியா மேசனும் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. காட்டில் எவ்வளவு பரந்த எல்லையில் திரியும் இனமோ, கூண்டில் அவ்வளவு நடக்கிறது, அவ்வளவு குட்டிகளை இழக்கிறது என்று மாமிச உண்ணிகளை ஒப்பிட்டுக் காட்டினார்கள். பட்டியலின் உச்சியில் துருவக்கரடி. பூங்காவில் அதற்குச் சராசரியாகக் கிடைக்கும் இடம் காட்டில் அதன் குறைந்தபட்ச எல்லையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஹெடிகரின் ‘பரப்பளவு முக்கியமில்லை’ என்பதற்கு விழுந்த அடி இது. ஐஸுக்குள் மீன் வைக்கலாம். ஆர்க்டிக்கை வைக்க முடியாது. ரொனால்ட் ஸ்வைஸ்குட்டும் ஷெப்பர்ட்சனும் 2005-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வேலை கொடுக்கும் முயற்சிகள் இந்த அசைவுகளைக் குறைத்தது ஏறத்தாழ 53 விழுக்காட்டு நேரத்தில்தான். பாதிக்குச் சற்று மேல். இதை வெற்றி என்பதா தோல்வி என்பதா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு தடத்தில் வருடக்கணக்காக நடந்தவனைப் பாதி நேரம் வேறு பக்கம் பார்க்க வைப்பது சாதாரணமில்லை. ஆனால் பூங்காவைக் கட்டும்போதே யோசித்திருக்க வேண்டியதை டயரைத் தொங்கவிட்டுச் சரிக்கட்ட முடியாது.

யானை விஷயத்தில் இது இன்னும் துலக்கம். காவன் 1985-ல் இலங்கையில் பிறந்து, குட்டியாக இருக்கும்போதே பாகிஸ்தானுக்குப் பரிசாக அனுப்பப்பட்ட யானை. இஸ்லாமாபாதில் பல ஆண்டுகள் சங்கிலியில். கூட இருந்த சஹேலி என்ற பெண்யானை 2012-ல் இறந்த பிறகு தன்னந்தனி. தலையை ஆட்டிக்கொண்டே நிற்கும் அதன் படம் உலகமெங்கும் போனது. 2020 மே மாதம் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் அதை விடுவிக்கச் சொன்னது. நவம்பர் கடைசியில் விமானத்தில் கம்போடியாவின் சரணாலயத்துக்குப் போனது. போய்ச் சேர்ந்ததும் வந்த படத்தில் வேலிக்கு அந்தப்புறம் இருந்த இன்னொரு யானையின் தும்பிக்கையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆயிரம் பந்தும் டயரும் போட்டாலும் யானைக்கு யானைதான் வேலை, யானைதான் பொழுது. ஆனால் டயரின் விலைக்கு யானை கிடைக்காது என்பதுதான் நிர்வாகங்களின் சங்கடம்.

இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. 1992-ல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் வந்த பிறகு ஏராளமான சிறு மிருகக்காட்சிசாலைகளுக்கு அங்கீகாரம் மறுக்கப்பட்டு மூடப்பட்டன. 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் சென்னை அருங்காட்சியகத்தில் தொடங்கிய விலங்குக் கூடம், நகரத்துக்குள் நெரிசலில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்துவிட்டு, 1985-ல் 602 ஹெக்டேர் வண்டலூருக்குப் போனதும் ஒரு பெரிய தாவல். சர்க்கஸில் சிங்கம், புலி, கரடி, குரங்கு கூடாது என்ற தடையை 2001-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகு, வளையத்துக்குள் பாய்ந்தே பழகிய சிங்கங்கள் மீட்பு மையங்களுக்கு வந்தன. கரடிவித்தைக்காரர்களான கலந்தர்கள் மூக்குக் கயிற்றோடு ஆட்டிய கரடிகள் ஆக்ராவுக்கும் பன்னேர்கட்டாவுக்கும் வந்தன. அவற்றுக்கெல்லாம் வேலை கொடுப்பது மருத்துவம் மாதிரி. கயிறு போன பிறகும் தலையை வீசும் கரடிக்குத் தேன் தடவிய மரமும் ஊஞ்சலும்தான் மருந்து.

நம் மண்ணின் ஆய்வுகளும் உண்டு. அவந்தி மல்லாபூரும் ரவி செல்லமும் தென்னிந்தியாவின் நான்கு பூங்காக்களில் சிறுத்தைகளைக் கவனித்து 2002-ல் எழுதினார்கள். சிறுத்தைகள் நடப்பது ஓரத்தில், ஓய்வெடுப்பது பின்புறம். அடைப்பிடம் மரஞ்செடியோடு வளமாக இருந்தால் எல்லாப் பகுதியையும் பயன்படுத்துகின்றன. நான் பார்த்த தடம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. மல்லாபூர் பின்னர் சிங்கவால் குரங்குகளைப் பார்த்தபோது, பார்வையாளர் இருக்கும் நேரத்தில் அவற்றின் இயல்பு மீறிய நடத்தை கூடுவது தெரிந்தது. அதாவது கூண்டுக்குள் நாம் எதைப் போட்டாலும், கூண்டுக்கு வெளியே நிற்கும் நாமும் அந்தச் சூழலின் ஒரு பகுதிதான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவு பூங்கா விலங்கைச் சீண்டுவதையும் தீனி போடுவதையும் தடை செய்கிறது. இருந்தும் கண்ணாடியைத் தட்டி “ஏய், எந்திரி” என்று சொல்லாத ஞாயிற்றுக்கிழமை உண்டா?

இந்தியப் பூங்காக்களின் புலிகளையும் சிறுத்தைகளையும் பற்றி ஜானிஸ் வாஸ், உமாபதி முதலியோர் 2017-ல் வெளியிட்ட ஆய்வு மலத்தில் உள்ள மன அழுத்த ஹார்மோனை அளந்தது. பெரிய இடமும் குளமும் மரமும் உதவுவது எதிர்பார்த்ததே. கூடவே வந்த இன்னொரு முடிவுதான் என்னை நிறுத்தியது: பராமரிப்பாளரின் மனப்பாங்கும் அனுபவமும் விலங்கின் அழுத்தத்தில் தெரிகிறது. தினக்கூலிப் பராமரிப்பாளர் ஒருவருக்கு நாளைக்கு வேலை இருக்குமா என்ற கவலை. அவர் பொறுப்பில் ஏழெட்டுக் கூண்டு. காலை முழுக்கக் கழுவுவது, மாலையில் தீனி. அவரிடம் போய் ‘நடத்தைப் பதிவேடு எழுதுங்கள்’ என்றால் எப்போது எழுதுவார்? அமெரிக்காவில் டிஸ்னியின் விலங்குப் பூங்கா வகுத்த முறைப்படி, முதலில் எந்த நடத்தை வேண்டும் என்று குறிக்கோள் வைக்க வேண்டும். திட்டமிட்டு, செய்து, பதிந்து, மதிப்பிட்டு, மாற்ற வேண்டும். நல்ல முறைதான். நம்மிடம் இரண்டாவது படியிலிருந்து நேராகப் புகைப்படத்துக்குப் போய்விடுகிறோம். அக்னி நட்சத்திரம் தொடங்கினால் போதும், கரடி ஐஸ் கட்டியை நக்கும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிடும். அந்த ஐஸில் பழம் உறைந்திருந்தால் அது குளிர்ச்சி மட்டுமில்லை, வேலையும்தான். குறை ஐஸில் இல்லை. மழைக்காலத்தில் கரடி என்ன செய்தது என்று யாரும் படமெடுப்பதில்லை.

பணம் பெரிய தடை அல்ல என்றே நினைக்கிறேன். கோணிச் சாக்கு, வைக்கோல், மூங்கில், பனைமட்டை, தேங்காய், ஒரு பலாப்பழம். கவனம்தான் வேண்டும்: சாக்கின் நூல் குரங்கின் விரலில் சுற்றிக்கொள்ளும், ரப்பர் துண்டு குடலை அடைக்கும், கயிறு கழுத்தில் விழும். ஒரே ஒரு பெட்டியை வைத்தால் கூட்டத்தில் வலுத்ததே தின்னும். மற்றவற்றுக்கு அது வேலை இல்லை, அடி.

வேறொரு பூங்காவில், கூட்டமில்லாத ஒரு காலை நேரம், கரடிக்கு மூங்கில் வைப்பதை ஒரு பராமரிப்பாளர் காட்டினார். கை முழ நீளக் கணு. நடுவே துரப்பணத்தால் விரல் நுழையும் அளவு நான்கு ஓட்டை. உள்ளே வெல்லப்பாகும் பொரியும் திணித்து, இரண்டு முனையும் அடைத்து, சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். கரடி முதலில் முகர்ந்தது. பிறகு உதட்டைக் குழல்போல நீட்டி ஓட்டையில் வைத்து உறிஞ்சியது. காட்டில் புற்றின் வாயில் கேட்கும் அதே சத்தம், வாக்குவம் கிளீனர்போல, பத்தடி தள்ளி நின்ற எனக்குக் கேட்டது. நகத்தால் மூங்கிலைச் சுழற்றி அடுத்த ஓட்டை. அவர் செல்போனில் நேரம் பார்த்து, காக்கிப் பையிலிருந்து மடித்த நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

“எவ்வளவுங்க?” என்றேன்.

“இருபத்தாறு நிமிஷம் சார். போன வாரம் ஒரு மணி நேரம் போச்சு. மூங்கிலைத் தலைகீழாப் புடிச்சு உலுக்குனா கொட்டும்னு கண்டுபுடிச்சிட்டான். இனிமே இது செல்லாது.”

“அடுத்து என்ன செய்வீங்க?”

“அதான் சார் யோசிச்சிட்டிருக்கேன். நான் யோசிக்கிறதுக்குள்ள அவன் யோசிச்சிடுறான்.”

உள்ளே கரடி காலியான மூங்கிலை இரண்டு கைகளாலும் பிடித்து, அதன் ஓட்டைக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.